டார்க் தீமுக்கு மாறியதும் ரைட்டர் டூல்பாரில் ஐகான்கள் மறைவது ஏன், எங்கே சரிசெய்வது

கேட்டிருப்பவர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் வழிப் பள்ளி ஆசிரியை. பள்ளி லேப்டாப்பில் கைட் (கேரளப் பள்ளிகளின் கணினி வசதிகளைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) கொடுத்த லினக்ஸ் இருக்கிறது, உபுண்டு 22.04 அடிப்படையிலானது. கண் கூசுகிறது என்று சிஸ்டத்தை டார்க் தீமுக்கு மாற்றியிருக்கிறார். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் டூல்பாரின் பின்னணி கருத்துவிட்டது, ஆனால் பாதி ஐகான்கள் பழைய கருஞ்சாம்பல் நிறத்திலேயே நின்று கண்ணுக்குத் தெரியாமல் போயின. திரும்ப லைட்டுக்கு வந்தால் இப்போது ஒரு பட்டை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. ஓரிரு பட்டன்களைக் காணவே காணோம். வீட்டில் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் வேறு மாதிரி: டூல்பாரில் கருப்புக் கட்டங்கள். "அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் டீச்சர். மறுபடி இன்ஸ்டால் செய்வதால் இது பெரும்பாலும் தீராது. டூல்பார் எப்படி இருக்க வேண்டும், எந்த ஐகான் தொகுப்பு என்பதெல்லாம் மென்பொருளோடு இல்லை, உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் புரொஃபைலில் இருக்கிறது. மென்பொருளை நீக்கினாலும் அந்தப் புரொஃபைல் அப்படியே இருக்கும். புதிதாகப் போட்ட லிப்ரே ஆபீஸ் முதல் வேலையாக அதைத்தான் படிக்கும். பள்ளி லேப்டாப்பில் அட்மின் பாஸ்வேர்டு, இன்டர்நெட் என்று அலைந்து முடித்த பிறகும் அதே கருப்புப் பட்டைதான் நிற்கும்.

நீங்கள் சொல்பவை ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் மூன்று நான்கு தனிக் காரணங்கள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வேலை.

டூல்பாருக்குள் என்ன நடக்கிறது

லிப்ரே ஆபீஸின் டூல்பார் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பட்டையின் பின்னணியை வரையும்போது அது சிஸ்டத்தின் ஜிடிகே (லினக்ஸில் ஜன்னல், மெனு, பட்டன்களை வரையும் கருவித்தொகுப்பு) தீமைக் கேட்கிறது: பின்னணி என்ன நிறம், பட்டனை அழுத்தினால் விளிம்பு எப்படி. எழுத்துப் பெயர், எழுத்து அளவு என்று பட்டையில் தெரியும் பெட்டிகளின் நிறமும் அங்கிருந்தே வருகிறது. ஐகான்கள் அப்படியில்லை. அவை முன்கூட்டியே வரைந்து ஜிப் கோப்பில் கட்டி வைத்த படங்கள். கொலிப்ரே, பிரீஸ், சிஃபர், எலிமென்டரி, கரசா ஜகா என்று தொகுப்புக்கு ஒரு கோப்பு. தீம் மாறினால் பின்னணி உடனே வேறு நிறத்தில் வரையப்படும். படங்கள் தாமாக நிறம் மாறாது. கருப்புப் பின்னணிக்கென்று வரைந்த இன்னொரு தொகுப்பை எடுத்து மாட்ட வேண்டும்.

அந்த முடிவை மென்பொருள் தானே எடுக்கிறது. சிஸ்டம் சொல்லும் பின்னணி நிறத்தின் ஒளிர்வைப் பார்த்து, இருட்டாக இருந்தால் டார்க் வகை, இல்லையென்றால் சாதாரண வகை. ஐகான் தொகுப்பை 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டிருந்தால்தான் இந்தத் தேர்வு நடக்கும். நீங்களோ, உங்களுக்கு முன் அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தியவரோ ஏதாவது ஒரு தொகுப்பைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்திருந்தால், பின்னணி எப்படி மாறினாலும் ஐகான் அதேதான். இதுதான் முதல் காரணம், அடிக்கடி காண்பதும் இதுவே.

இரண்டாவது காரணம் நேரம். ஒருமுறை எடுத்த படங்களை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறப்பதில்லை. மென்பொருள் திறந்திருக்கும்போது தீம் மாறினால், திறந்துள்ள ஒவ்வொரு ஜன்னலுக்கும், ஒவ்வொரு பட்டைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும், பட்டை தன் படங்களை விட்டுவிட்டுப் புதியவற்றை எடுக்க வேண்டும். எங்காவது ஒரு பட்டைக்குச் செய்தி சேராவிட்டால், அல்லது நிறம் புதுப்பிக்கப்படும் முன்பே படத்தை எடுத்துவிட்டால், அது பழைய கோலத்தில் நின்றுவிடும். லைட்டுக்குத் திரும்பிய பிறகும் ஒரு பட்டை மட்டும் கருப்பாக நிற்கிறது என்றீர்களே, அது பெரும்பாலும் இந்த வகை.

முதலில் முழுதாக மூடுங்கள்

மேல் மூலையில் பெருக்கல் குறியை அழுத்துவது போதாது. அது அந்த ஒரு ஆவணத்தை மட்டும் மூடும். கால்க்கில் மதிப்பெண் பட்டியல் ஒன்று பின்னால் திறந்திருந்தால் மென்பொருள் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு கண்ட்ரோல்+கியூ அழுத்துங்கள். அது லிப்ரே ஆபீஸ் ஜன்னல்கள் அத்தனையையும் மூடிவிடும். பிறகு திறந்து பாருங்கள்.

இப்போது சரியாகிவிட்டால், உங்கள் அமைப்பில் எந்தக் கெடுதலும் இல்லை, ஓடும்போது தீம் மாற்றுவதுதான் பிரச்சினை என்று பொருள். தீம் மாற்றும் முன் மூடிவிடுவது ஒன்றே போதும். மாலையில் தானாக டார்க்குக்கு மாறும்படி ஏதாவது எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அது மாற்றும்.

மூடித் திறந்தும் அப்படியே இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஐகான் தொகுப்பைப் பார்ப்பது

ஆல்ட்+எஃப்12 அழுத்துங்கள். டூல்ஸ் மெனுவில் உள்ள ஆப்ஷன்ஸ் பெட்டி திறக்கும். மெனு தமிழில் இருந்தாலும் மலையாளத்தில் இருந்தாலும் இந்த விசை ஒன்றுதான். இடப்பக்கம் லிப்ரே ஆபீஸ் என்பதன் கீழ் 'வியூ' பக்கம். அங்கே ஐகான் அளவு, ஐகான் தொகுப்பு இரண்டும் இருக்கும். சமீபத்திய பதிப்புகளில் தொகுப்புத் தேர்வு 'அப்பியரன்ஸ்' என்ற பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

தொகுப்பு என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' இருக்கிறதா? அருகிலேயே அடைப்புக்குறிக்குள் அது இப்போது எதைத் தேர்ந்திருக்கிறது என்றும் காட்டும். சிஸ்டம் டார்க்கில் இருக்கும்போது அடைப்புக்குறிக்குள் டார்க் என்று முடியும் பெயர் வர வேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒன்று: சிஸ்டம் இருட்டாக இருப்பது அதற்குத் தெரியவில்லை, அல்லது அந்தத் தொகுப்பின் டார்க் வகை உங்கள் கணினியில் இல்லை. உபுண்டுவில் ஒவ்வொரு ஐகான் தொகுப்பும் தனிப் பொதியாக (பேக்கேஜ்) வருகிறது. எதெது நிறுவப்பட்டதோ அது மட்டும்தான் பட்டியலில் தெரியும். பொதிகளை நிறுவும் மென்பொருளான சினாப்டிக்கைத் திறந்து 'லிப்ரே ஆபீஸ் ஸ்டைல்' என்று ஆங்கிலத்தில் தேடினால் வரிசையாக வரும். பிரீஸ், சிஃபர் இரண்டையும் நிறுவினால் அவற்றின் டார்க் வகைகளும் கூடவே வரும். இதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

பெயர் சொல்லி ஏதாவது தேர்வாகியிருந்தால் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, ஓகே கொடுத்து, கண்ட்ரோல்+கியூ, மறுபடி திறப்பு. உங்கள் விவரத்தில் உள்ள பாதி மறைந்த ஐகான்கள் இதோடு சரியாக வாய்ப்பு அதிகம்.

பாதி மட்டும் ஏன் மறைந்தன? டூல்பாரைக் கிட்டத்தில் பாருங்கள். எழுத்து நிறத்தின் கீழே சிவப்புக் கோடு, ஹைலைட்டின் மஞ்சள், சேமிக்கும் பொத்தானின் நிறம் எல்லாம் கருப்பிலும் தெரியும். மறைவது பத்தியை இடம் வலம் ஒதுக்கும் கோடுகள், புள்ளிப் பட்டியல், வரி இடைவெளி, கத்தரி போன்ற வெறும் கருஞ்சாம்பல் கோட்டுப் படங்கள். பட்டன் போகவில்லை, அங்கேதான் இருக்கிறது. மவுஸைக் கொண்டுபோனால் பெயர் வரும், அழுத்தினால் வேலை செய்யும். எல்லா ஐகானும் ஒரே தொகுப்பிலிருந்துதான் வந்தன என்பதற்கு இதுவே அடையாளம்.

பகலில் லைட், இரவில் டார்க் என்று தினமும் மாற்றுகிறவருக்கு என் யோசனை கரசா ஜகா தொகுப்பு. அது கேடிஇ மேசைச் சூழலின் பழைய ஆக்ஸிஜன் ஐகான்களிலிருந்து வந்தது. நிழலும் நிறமும் நிறைந்த படங்கள் என்பதால் வெள்ளையிலும் கருப்பிலும் ஓரளவு நன்றாகவே தெரியும். பார்க்க நவீனமாக இல்லை என்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிவதுதான் டூல்பாருக்கு முதல் தகுதி. சிஃபர் ஒற்றை நிறத் தொகுப்பு. தவறான வகை மாட்டிக்கொண்டால் முழு டூல்பாரும் மறையும், அதனால் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

சிஸ்டம் சொல்வது மென்பொருளுக்குக் கேட்கிறதா

ஹெல்ப் மெனுவின் கடைசியில் அபவுட் லிப்ரே ஆபீஸ். பதிப்பு எண், சிஸ்டம் விவரங்களுக்கு நடுவே 'விசிஎல்' என்று ஒரு வரி வரும். மென்பொருள் எந்தக் கருவித்தொகுப்பு வழியாகத் திரையில் வரைகிறது என்பதை அது சொல்கிறது. உபுண்டுவில் அங்கே ஜிடிகே3 என்றிருக்க வேண்டும். 'ஜென்' என்றோ 'எக்ஸ்11' என்றோ இருந்தால், சிஸ்டம் தீமோடு பேசும் பொதி இல்லை. அப்போது மெனுவே பழைய காலத்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும், டார்க்குக்கு மாறவே மாறாது அல்லது அரைகுறையாக மாறும். சினாப்டிக்கில் லிப்ரே ஆபீஸ் ஜிடிகே3 என்ற பொதியை நிறுவினால் போதும்.

ஜிடிகே3 இருந்தும் குழப்பம் என்றால் அடுத்த சந்தேகம் தோற்ற அமைப்புகளை மாற்றும் ட்வீக்ஸ் என்ற மென்பொருள். உபுண்டு 22.04ல் மேசைச் சூழலாக க்னோம் 42 இருக்கிறது. அந்தப் பதிப்பில்தான் க்னோமில் 'இருட்டு வேண்டும்' என்ற பொதுவான ஒரு விருப்பம் வந்தது. அதற்கு முன்பு வரை டார்க் என்றால் டார்க் என்று பெயருள்ள ஒரு தீமைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். இப்போது இரண்டு சுவிட்சுகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. செட்டிங்ஸ் > அப்பியரன்ஸ் வழியாக மாற்றினால் உபுண்டு இரண்டையும் சேர்த்தே மாற்றும். ட்வீக்ஸில் போய் 'லெகசி அப்ளிகேஷன்ஸ்' என்ற இடத்தில் தீம் மாற்றினால் ஒன்று மட்டும் மாறும். அப்போது க்னோமின் புது மென்பொருள்கள் ஒரு பக்கம், ஜிடிகே3 மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். சரி செய்ய ட்வீக்ஸை மூடிவிட்டு, செட்டிங்ஸ் > அப்பியரன்ஸில் லைட்டை ஒருமுறை, டார்க்கை ஒருமுறை அழுத்துங்கள். இரண்டும் மறுபடி ஒத்துப்போகும். வெளியிலிருந்து இறக்கிய தீம் எதையாவது போட்டிருந்தால், இந்தச் சோதனை முடியும்வரை உபுண்டுவின் சொந்தத் தீமான 'யாரு'விலேயே இருங்கள். வெளித் தீம்களில் பலவற்றில் டூல்பாருக்கான நிறங்கள் முழுதாக எழுதப்பட்டிருப்பதில்லை.

லிப்ரே ஆபீஸை ஸ்னாப் (சிஸ்டத்திலிருந்து பிரித்துத் தனியாக அடைத்த பொதி) வடிவில் போட்டிருந்தால் அது தன் கூண்டுக்குள் இருக்கும் தீம்களை மட்டுமே பார்க்கும். உங்கள் தீம் அங்கே இல்லையென்றால் பொதுவான ஒன்றுக்கு இறங்கிவிடும். அப்படியென்றால் சாதாரணப் பொதியாக மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரு பட்டை மட்டும் கருப்பு

மூடித் திறந்தும் அந்த ஒரு பட்டை கருப்பாகவே இருந்தால், ஆப்ஷன்ஸில் லிப்ரே ஆபீஸ் என்பதன் கீழ் 'பெர்சனலைசேஷன்' பக்கத்தைப் பாருங்கள். டூல்பாருக்குப் பின்னால் படமோ வண்ணமோ ஒட்டும் வசதி அது. அங்கே ஏதாவது தேர்வாகியிருந்தால் பட்டையின் பின்னணி சிஸ்டத்திலிருந்து வராது, அந்தப் படத்திலிருந்து வரும். ஐகான் தேர்வு சிஸ்டத்தின் நிறத்தைப் பார்த்தே நடக்கும். இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை. படம் வேண்டாம் என்ற முதல் தேர்வுக்கு மாற்றிவிடுங்கள். பொதுக் கணினியில் பிள்ளைகள் விளையாட்டாக மாற்றி வைத்துப் போகும் இடங்களில் இதுவும் ஒன்று.

ரிப்பன் போன்ற 'டேப்டு' வடிவத்தில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வியூ > யூசர் இன்டர்ஃபேஸில் 'ஸ்டாண்டர்டு டூல்பார்' என்று மாற்றி, எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும்படி கொடுத்துச் சோதியுங்கள். ஒன்றில் சரியாகவும் மற்றதில் தவறாகவும் இருந்தால் அது உங்கள் அமைப்பின் குற்றமல்ல, அந்த வடிவத்தின் குறை. அந்தத் தகவல் பின்னால் உதவும்.

காணாமல் போன பட்டன்கள்

இதில் தீமுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். டூல்பாரின் வலக்கோடியில் இரட்டை அம்புக்குறி தெரிகிறதா பாருங்கள். இடம் போதாத பட்டன்கள் அதற்குள் மடிந்து கிடக்கும். தீம் மாறும்போது பட்டன்களைச் சுற்றியுள்ள இடைவெளியும் மாறும். ஐகான் அளவு 16 பிக்ஸலிலிருந்து 24க்குப் போனால் ஒவ்வொரு ஐகானும் ஒன்றரை மடங்கு அகலமாகும், பட்டையும் அதற்கேற்ப நீளும். பட்டன்களுக்குப் பக்கத்தில் பெயரும் தெரியும்படி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தைவிட நீளம். ஆங்கில இடைமுகத்தில் ஒரே வரியில் அடங்கும் பட்டை தமிழுக்கு மாறினால் கடைசி ஐந்தாறு பட்டன்களை அம்புக்குள் தள்ளிவிடும். வியூ பக்கத்தில் டூல்பார் ஐகான் அளவை 'ஸ்மால்' என்று வைத்துப் பாருங்கள். 1366 பிக்ஸல் அகலமுள்ள லேப்டாப் திரைகளுக்கு அதுதான் பொருத்தம்.

அம்புக்குள்ளும் இல்லையென்றால் பட்டையில் வலது கிளிக் செய்து 'விசிபிள் பட்டன்ஸ்' பட்டியலில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

நீங்களே சேர்த்த பட்டன்கள் தனிக் கதை. ஒரு கட்டளைக்கு உங்கள் விருப்பப்படி படம் வைத்திருந்தால் அது புரொஃபைலுக்குள் ஒற்றைப் படமாகச் சேமிக்கப்படும், டார்க் வகை கிடையாது. எக்ஸ்டென்ஷன்கள் கொண்டுவரும் ஐகான்களும் அப்படியே. அவற்றில் வழக்கமாக 16 பிக்ஸலில் ஒன்று, 26 பிக்ஸலில் ஒன்று என்று படங்கள் இருக்கும். எழுதியவர் இருட்டுக்கென்று தனிப் படம் தரவில்லை என்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. அந்தப் பட்டன்கள் உள்ள பட்டையைப் படத்தை விட்டுவிட்டு எழுத்தாகக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தின் நிறம் சிஸ்டத்திலிருந்து வருகிறது, எந்தத் தீமிலும் படிக்க முடியும். பட்டையில் வலது கிளிக், கஸ்டமைஸ் டூல்பார், அங்கே 'டெக்ஸ்ட் ஒன்லி'.

புரொஃபைல் கெட்டிருக்கிறதா

இதுவரை எதற்கும் மசியவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். ஹெல்ப் > ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட். வரும் பெட்டியில் எதையும் மாற்றாமல் 'கன்டினியூ இன் சேஃப் மோட்' கொடுங்கள். மென்பொருள் தற்காலிகமான புதுப் புரொஃபைலோடு திறக்கும். உங்கள் புரொஃபைலை அது தொடாது. அங்கே டூல்பார் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் புரொஃபைலில். அங்கேயும் அப்படியே இருந்தால் புரொஃபைலை விட்டுவிடுங்கள். சிக்கல் தீம், பொதி, அல்லது மென்பொருளில்.

புரொஃபைல்தான் என்று தெரிந்தால், மறுபடி சேஃப் மோடுக்குப் போய் முதலில் 'ரீஸ்டோர் ஃப்ரம் பேக்கப்' பகுதியைப் பாருங்கள். கடைசியாக நன்றாக ஓடிய நிலைக்குத் திரும்ப முடிந்தால் அதோடு வேலை முடிந்தது. அடுத்தது 'ரீசெட் டு ஃபேக்டரி செட்டிங்ஸ்'. அதில் இரண்டு தேர்வுகள். அமைப்புகளையும் டூல்பார் மாற்றங்களையும் மட்டும் அழிப்பது ஒன்று, முழுப் புரொஃபைலையும் அழிப்பது இன்னொன்று. உங்களுக்கு முதலாவது போதும். இரண்டாவதைத் தொடாதீர்கள். தமிழ், மலையாளம் இரண்டிலும் நீங்கள் அகராதியில் சேர்த்த சொற்கள், ஆட்டோடெக்ஸ்ட்டில் வைத்த கேள்வித்தாள் தலைப்பு, வார்ப்புருக்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

கையால் செய்ய விரும்பினால்: லிப்ரே ஆபீஸை முழுதாக மூடுங்கள். ஹோம் கோப்புறையில் கண்ட்ரோல்+எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக், அதனுள் லிப்ரே ஆபீஸ், அதனுள் 4, அதனுள் யூசர். மென்பொருள் 7 ஆனாலும் 24 ஆனாலும் அந்தக் கோப்புறை 4 என்றே இருக்கும், பழைய பதிப்பு என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். யூசர் என்ற கோப்புறையின் பெயரை மாற்றி வையுங்கள். மென்பொருளைத் திறந்தால் புதிதாக ஒன்று உருவாகும். டூல்பார் சரியென்று பார்த்து, மூடி, பழையதிலிருந்து ஆட்டோகரெக்ட், ஆட்டோடெக்ஸ்ட், டெம்ப்ளேட், வேர்ட்புக் ஆகிய நான்கு கோப்புறைகளை மட்டும் புதியதற்குள் நகலெடுங்கள். எக்ஸ்சியூ என்று முடியும் 'ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ்' கோப்பை நகலெடுக்காதீர்கள். ஐகான் தொகுப்பு முதல் ஜன்னல் நிறம் வரை எல்லாத் தேர்வும் அதற்குள்தான், கோளாறும் கூடவே வந்துவிடும். கரண்ட் போய்க் கணினி திடீரென்று அணையும் இடங்களில் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்தக் கோப்புதான். பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடி கரண்ட்டில் ஓட்டுவது இதற்கு நல்லதல்ல.

வீட்டில் விண்டோஸ்: கருப்புக் கட்டங்கள்

இது வேறு நோய். விண்டோஸில் லிப்ரே ஆபீஸ் 7.0 முதல் ஸ்கியா என்ற வரையும் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியோடு வல்கன் என்ற இடைமுகம் வழியாக வரையலாம், அல்லது பிராசஸரை மட்டும் வைத்தும் வரையலாம். பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கணினிகளில் முதல் வழி தடுமாறும். தீம் மாறும்போது பட்டை முழுவதும் மறுபடி வரையப்பட வேண்டியிருப்பதால் தடுமாற்றம் அப்போதுதான் கண்ணில் படும். அபவுட் பெட்டியில் 'யூஐ ரெண்டர்' வரியைப் பாருங்கள். ஸ்கியா/வல்கன் என்றிருந்தால் ஆப்ஷன்ஸ் > வியூ பக்கத்தில் 'ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங்' என்பதில் டிக் செய்து மறுபடி திறங்கள். கட்டங்கள் போனால் காரணம் டிரைவர். லேப்டாப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புது டிரைவர் போட்ட பிறகு டிக்கை எடுத்துப் பார்க்கலாம். ஆவணம் தட்டச்சு செய்யும் அளவுக்கு அந்த டிக் இருப்பதால் வேகம் குறைவது தெரியாது, அப்படியே விட்டாலும் நஷ்டமில்லை. ஏற்கெனவே ஸ்கியா/ராஸ்டர் என்றிருந்தால் டிரைவர்மேல் பழி போட வேண்டாம், மேலே சொன்ன சேஃப் மோட் சோதனைக்குப் போங்கள்.

விண்டோஸில் இன்னும் இரண்டு. செட்டிங்ஸ் > பெர்சனலைசேஷன் > கலர்ஸில் 'கஸ்டம்' தேர்ந்தால் விண்டோஸுக்கு ஒரு நிறம், ஆப்களுக்கு ஒரு நிறம் என்று தனித்தனியே வைக்கலாம். லிப்ரே ஆபீஸ் ஆப்களுக்கான நிறத்தைத்தான் பார்க்கும். டாஸ்க்பார் கருப்பு, டூல்பார் வெள்ளை என்றால் அது கோளாறே அல்ல. அடுத்து, இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஹை கான்ட்ராஸ்ட் இயங்கும். கைதவறி அழுத்தி, எச்சரிக்கைக்கு ஓகேயும் கொடுத்துவிட்டால் எல்லா மென்பொருளும் நிறம் மாறும். அதே மூன்று விசைகள் அதை அணைக்கும்.

வீட்டு லேப்டாப்பில் 7.5க்கு முந்தைய பதிப்பு இருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் வந்த 7.5ல்தான் டார்க் முறைக்கான ஆதரவு பெரிய அளவில் மேம்பட்டது. அதில், சிஸ்டம் எப்படி இருந்தாலும் லிப்ரே ஆபீஸ் மட்டும் லைட்டில் நிற்கட்டும் என்று சொல்லவும் ஒரு தேர்வு இருக்கிறது. உபுண்டு 22.04 தன் களஞ்சியத்தில் தருவது 7.3. பள்ளிக் கணினியில் நீங்கள் பார்க்கும் குறைகளில் சில பதிப்பின் வயதாலேயே வருபவை. அங்கே பதிப்பை நீங்களாக மாற்ற வேண்டாம், கைட் தரும் புதுப்பிப்புக்குக் காத்திருப்பதே சரி. பாடத்திட்டத்துக்காக அவர்கள் சேர்த்திருக்கும் பொதிகளோடு அது உரசக்கூடாது.

தீம் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து

டூல்பாரைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. டார்க்கில் ஆவணத்தின் பக்கமும் கருப்பாகத் தெரியலாம். எழுத்து நிறம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் திரையில் வெள்ளையாகத் தெரியும், பிரிண்டில் கருப்பாக வரும், தொல்லையில்லை. இணையத்திலிருந்தோ பழைய கோப்பிலிருந்தோ ஒட்டிய பத்தியில் கருப்பு என்று நிறம் பதிந்திருந்தால் அது கருப்புப் பக்கத்தில் மறையும். மறைகிறதே என்று யாராவது அந்தப் பத்திக்கு வெள்ளை நிறம் கொடுத்துவிட்டால், திரையில் அழகாகத் தெரியும், கேள்வித்தாள் அச்சில் அந்த இடம் வெற்றுத் தாளாக வரும். சரியான வழி, பத்தியைத் தேர்ந்து எழுத்து நிறத்தில் ஆட்டோமேட்டிக் கொடுப்பது. ஒட்டும்போதே கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி கொடுத்தால் நிறம் எதுவும் கூட வராது. அச்சுக்கு அனுப்பும் முன் பிரிண்ட் பிரிவ்யூவை ஒருமுறை பாருங்கள், அங்கே தாள் எப்போதும் வெள்ளைதான்.

புரொஜெக்டரில் காட்டும் வகுப்புக்கு லைட்டிலேயே இருங்கள். ஐகான் போன்ற படங்களுக்குப் பின்னணியோடு குறைந்தது 3:1 நிற வேறுபாடு வேண்டும் என்கிறது 2018ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல்தன்மை வழிகாட்டி. லேப்டாப் திரையில் அந்த அளவைத் தாண்டும் சாம்பல் ஐகான், ஜன்னல் திறந்த வகுப்பறைச் சுவரில் தாண்டாது. கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பது தெரிய வேண்டும்.

எல்லாம் பார்த்தும் தீராவிட்டால்

பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளரிடமோ மாவட்டத்தின் மாஸ்டர் ட்ரெயினரிடமோ போகும்போது "டூல்பார் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அபவுட் பெட்டியில் பதிப்பு விவரங்களை நகலெடுக்கும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தி ஒரு கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஐகான் தொகுப்பின் பெயர், லைட்டிலிருந்து டார்க்கா அல்லது எதிர்த்திசையா, மாற்றும்போது லிப்ரே ஆபீஸ் திறந்திருந்ததா, கண்ட்ரோல்+கியூவுக்குப் பிறகு என்ன ஆனது, சேஃப் மோடில் என்ன ஆனது, மாற்றும் முன்பும் பின்பும் ஒரு ஸ்கிரீன்ஷாட். லிப்ரே ஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் பக்ஸில்லாவில் (குறைகளைப் பதியும் தளம்) புகார் பதிவு செய்யவும் இதே விவரங்கள்தான் வேண்டும். பதியும் முன் அதே கோளாறு புதுப் பதிப்பிலும் வருகிறதா என்று வீட்டு லேப்டாப்பில் பார்த்துவிடுங்கள். அங்கே வரவில்லை என்றால் அது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கலாம், பள்ளிக் கணினிக்குப் பதிப்பு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.